204-ஆம் அறையைக் காலி செய்த விவரம்

செங்கல்பட்டு
14.3.2025, வெள்ளி

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் இங்கிலாந்தில் அந்த லீட்ஸ் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு, டூட்டி இல்லாத நாட்களிலாவது நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. இங்கே மாசி முடிவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் அப்படியே திறந்து கிடக்க, பணி முடிந்தது என்று பலகை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பலகையையும் பள்ளத்தையும் சேர்த்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எதையும் போட்டோ எடுக்காமல் விடுவதில்லை, காரணம் கீழே வரும்.

சனிக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். ஓட்டல்காரர்கள் பேங்குக்கு அனுப்பிய போட்டோக்களை எனக்கு அனுப்பிவிட்டு, “உண்மையாவே ரூம் அவ்ளோ மோசமாப்பா, பளிச்சுனு இருக்கே, நீங்க யார்கிட்டயாவது கோவிச்சிக்கிட்டு வந்துட்டீங்களா” என்று கேட்டாய். முப்பத்தெட்டு வருஷம் நிருபராக இருந்த எனக்கு, என் செய்தியை ஆசிரியர் சந்தேகப்பட்டதுண்டு, தாசில்தார் சந்தேகப்பட்டதுண்டு, மகள் சந்தேகப்பட்டது இதுதான் முதல் தடவை. கோபம் இல்லை, அந்தப் போட்டோவைப் பார்த்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஓட்டல் பேச்சை எடுத்தாலே அம்மா நடுவில் புகுந்து பேச்சை மாற்றுகிறாள், நீயும் கவனித்திருப்பாய். அது ஏன் என்று எனக்கே மறுநாள்தான் தெரிந்தது. ஆகவே நோட்டில் இருப்பதை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஜனவரி 30, வியாழன். எங்களுடைய நாற்பதாவது கல்யாண நாள் என்று நீ மூன்று நாளுக்குப் போட்டுக் கொடுத்த அந்த ஓட்டலுக்கு, உன் மாமன் மகன் ஜெபக்குமார் சிறுசேரி கம்பெனி கேப் ஓட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக எங்களைக் கூட்டிப்போனான். மாமல்லபுரம் தாண்டி ஓட்டல் வாசலில் இறங்கும்போது மணி 2.10. மேனேஜர் நிதின் என்று ஒரு தம்பி, கேட்காமலே இரண்டு டம்ளர் ஜூஸ் வரவழைத்தான், கேட்காமல் ஜூஸ் கொடுக்கும் இடத்தில் நான் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பேன். நீ காட்டிய படத்தில் ஜன்னல் முழுக்கக் கடல். 204-இன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கடல் எங்கே தம்பி என்றேன், “சத்தம் கேக்குது பாருங்க சார்” என்றான். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, அதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள், இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாங்கள்தான் ஊற்றினோம். பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் அளவுக்கு நின்றது. படுக்கை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை, அதன்மேல் தலையணையை வைத்து மறைத்திருந்தார்கள். விரிப்பை மாற்றச் சொல்லி 3.15-க்குக் கேட்டேன், 4.40-க்குக் கேட்டேன், 6 மணிக்குக் கேட்டேன், மூன்று முறையும் ஐந்து நிமிஷம் என்றார்கள். 7.05-க்கு வெளியிலிருந்து கதவு திறந்துகொண்டு யாரோ ஒருவன் பெட்டியோடு உள்ளே வந்து நின்றான், அவன் கையிலும் 204-இன் சாவி. ரூம் மாறிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டான், அம்மா அதற்குமேல் சாப்பிடவில்லை. கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, அம்மா கொண்டுவந்த போர்வையை மேலே விரித்துப் படுத்தோம். இதில் ஒன்றையும் நான் போட்டோ எடுக்கவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க எழுதுவது நான், படம் எடுக்கத் தனியாக ஒருவர் வருவார், அந்தப் பழக்கத்தில் நோட்டை எடுத்தேனே தவிர போனை எடுக்கத் தோன்றவில்லை. இது என் தவறு.

மறுநாள் காலை 9.50-க்குக் கணக்கை முடிக்கக் கீழே போனேன். ஜெபக்குமார் கார் வந்து நாங்கள் கிளம்பியது 10.40. அந்த ஐம்பது நிமிஷமும் நிதின் என்னை விடவில்லை. “ஒரு நாளுக்குத்தான் சார் எடுப்போம், பாக்கி ரெண்டு நாள் கார்டுக்கே திரும்பிடும், டென்ஷன் ஆவாதீங்க” என்றான். எழுதிக் கொடு என்றேன், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றான். கையால் எழுது என்றேன், பேனா எடுக்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. அதுவரை அம்மா மேலே தனியாக இருந்தாள், பெட்டி கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நடந்தது உனக்கே தெரியும், உன் கார்டில் மூன்று நாள் வாடகை 20,400-ஐயும் எடுத்து, விரிப்பைக் கறையாக்கியதற்கு என்று 2,500 தனியாகவும் எடுத்தார்கள், நீ பேங்கில் புகார் கொடுத்தாய், பேங்க் கேட்டதற்கு ஓட்டல் இந்த நான்கு போட்டோக்களை அனுப்பி அறை இப்படித்தான் இருந்தது என்கிறது.

சனிக்கிழமை மாலை முழுக்க அந்தப் போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தரை துடைத்திருக்கிறது, பாத்ரூம் காய்ந்திருக்கிறது, கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. ஓரத்தில் ஜனவரி 31, 11.20 என்று நேரம் வேறு. இவர்களாவது நாற்பது நிமிஷத்தில் இப்படிச் சுத்தம் செய்வதாவது, இது வேறு அறை, 204 என்று பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஜெபக்குமாரும், “அப்டியே எழுதிட்டுப் போ மாமா, இன்னா யோசிச்சிகினு கீற, பேங்க்ல கீறவன் வந்து ரூமை எண்ணிப் பாக்கப் போறானா” என்றான். பேங்குக்கு அனுப்ப இரண்டு பக்கம் எழுதியே முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைக் கேட்டு வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ரூம்தாங்க” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “பெட்டு நான் போட்டது” என்றாள். கால்மாட்டில் விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் செருகியிருந்தது, நீ வார்டில் போடும் அதே ஆஸ்பத்திரி மடிப்பு.

நான் கீழே நிதினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அறை கூட்டும் பூவாயி என்ற பெண் மேலே வந்திருக்கிறாள், அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருபவளாம். “யம்மா, நீங்க அழுக்குன்னு எழுதிட்டுப் போனீங்கன்னா எனக்கு ஒரு நாள் கூலி புடிச்சிடுவாங்கம்மா, போன வாரந்தான் எங்கூட இருந்தவள வூட்டுக்கு அனுப்பிட்டாங்க” என்று அழுதிருக்கிறாள். உடனே உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்ரூமில் தண்ணீர் போகும் துளையின் ஜாலியைக் கழற்றி அடைப்பை எடுத்து, கழுவி, தரை துடைத்து, கறை விரிப்பை உருவிச் சுருட்டி அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கொண்டுவந்த வேறு விரிப்பைப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு பெட்டியோடு இறங்கி வந்திருக்கிறாள். காரில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தாட்சியை ஓட்டல்காரன் அழிக்கவில்லை, என் பக்கத்து அத்தாட்சி அத்தனையையும் என் வீட்டுக்காரியே விளக்குமாறு போட்டுக் கூட்டியிருக்கிறாள். எனக்கு அந்தப் பூவாயி மேலேயே சந்தேகம், நிதின் என்னைக் கீழே நிறுத்தி வைத்த அதே நேரத்தில் அவள் மேலே போனது எப்படி, அவன்தான் அனுப்பியிருப்பான் என்றேன். “அனுப்பிச்சே இருக்கட்டும், அழுதது பொய்யா? அழுவறவங்கள உங்களவிட நான் நெறைய பாத்துகீறேன்” என்றாள்.

சரி, இதையே பேங்குக்கு எழுதுவோம், போட்டோவில் இருப்பது நாங்கள் வந்தபோது இருந்த அறை இல்லை, நீ கழுவிய பிறகு இருந்த அறை என்றேன். அதற்குத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “பேங்குக்கு எழுதினா அன்புக்குத் தெரிஞ்சிடும்ங்க. நான் மூணு நாளு கால நீட்டிகினு ஒக்காரணும்னு கொழந்த டூட்டி மேல டூட்டி பாத்து டப்பு கட்டிச்சி. அங்கியும் போயி நான் கக்கூஸ் கழுவினேன்னு தெரிஞ்சா அது மனசு இன்னாவும்” என்றாள். அதற்காகத்தான் ஒரு மாதத்துக்கு மேல் நம் இருவரிடமும் மறைத்திருக்கிறாள். போனால் போகட்டும் பணம், நான் ரெண்டு மாசப் பென்ஷனில் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னாள். ஜெபக்குமார் சொன்ன பொய்யை நான் எழுத முடியாது, உண்மையை அவள் எழுத விடவில்லை, புதன்கிழமை வரை வீட்டில் சாப்பாடு போட்டாச்சு, மாத்திரை போட்டாச்சா என்பதற்கு மேல் பேச்சில்லை.

நேற்று காலை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பேங்க் பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். வாடகையைப் படித்தபோது தலையைத் தூக்கவில்லை. விரிப்பைக் கறையாக்கியதற்கு 2,500 என்று படித்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள், அது அவளுக்கு அதுவரை தெரியாது, நானும் வாடகையையே பேசிக்கொண்டிருந்ததில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். “யாரு கறை பண்ணதாம்?” என்றாள். நாம்தானாம் என்றேன். “நாமளா? நாம அழுக்குப் பண்ணிட்டு வந்தோம்னா எழுதிகீறான்?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து, “எழுதுங்க” என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் திருத்தாமல் எழுதி, அவளுடைய கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன், அது இதுதான்:

“நான் எல்லம்மா. செங்கல்பட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில முப்பத்தோரு வருஷம் வார்டு கழுவினவ. அந்த ரூம நாந்தான் கழுவினேன், அந்தப் பெட்ட நாந்தான் போட்டேன். வேணும்னா பக்கத்து ரூம் பெட்டயும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, இந்த மடிப்பு இருக்குதான்னு பாருங்க. அந்தக் கறை எங்க கறை இல்ல. நேத்து பட்ட கறை தண்ணி பட்டா கலங்கும். அது பத்து வாட்டி தொவைச்சும் போவாம நூலோட ஒட்டின கறை. கறைன்னா இன்னான்னு எனக்குத் தெரியும்.”

கூட என் பங்குக்கு இரண்டே வரி சேர்த்திருக்கிறேன், நாங்கள் 10.40-க்குக் கிளம்பினோம், போட்டோ 11.20-க்கு எடுத்தது, பளிச்சென்று இருந்தது என்று போட்டோவும் அனுப்பிவிட்டு கறைக்குப் பணமும் எடுப்பது எப்படி என்று ஓட்டலைக் கேட்கவும் என்று. யார் அழுததால் அம்மா கழுவினாள் என்பது இரண்டிலும் இல்லை. பூவாயி நிதின் அனுப்பிய ஆள்தானா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை, ஆனாலும் ஒருவரின் கூலி போகும் என்றால் பெயரை விட்டு எழுதுவது என் தொழிலில் உண்டு, நீயும் பேங்கில் யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லாதே. இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது வார்டு கழுவினவள் என்பதை நாசூக்காக ஏதாவது வார்த்தை போட்டு மறைத்துவிடாதே. அதை முதல் வரியிலேயே போடச் சொன்னது அம்மாதான்.

பணம் திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நீ கேட்டாயே, ரூம் உண்மையாகவே மோசமா என்று, அதற்குப் பதில் மேலே இருக்கிறது. உனக்குத் தெரியக்கூடாது என்று மறைத்ததை உனக்குத் தெரியட்டும் என்று அவளே சொல்லி எழுதியிருக்கிறேன், ஆகையால் இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணி அழாதே. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். அடுத்த வருஷம் ஓட்டல் எதுவும் போடாதே, லீவு போட்டு நீ வா, அம்மாவை உட்கார வைத்து நாம் இருவரும் சமைப்போம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகத்தையும் நிறைந்த மனதையும் தருவாராக. பேங்குக்குப் பதில் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் 24, திங்கள். இந்தப் பக்கங்களை ஜெபக்குமார் போனிலிருந்து படமாக இன்றே அனுப்புகிறேன், அம்மா கையெழுத்திட்ட அசல் தபாலில் வரும், பத்திரமாக வை. இதற்கிடையில் பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது போன் செய்து ஓடிபி கேட்டால் சொல்லாதே. என் குரலில் கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
ஏசுபாதம்