மூன்றாவது மாடியில் கூப்பிட்ட பெயர்

மார்ச் 4

எலிவாலுக்கு அக்கா எழுதுவது.

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீயும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துப் படி.

உன் மாமா போய் நாலு மாசம் ஆகிறது. நீ கூப்பிட்டாய் என்றுதான் நீ பாடம் எடுக்கிற காலேஜுக்கு வந்தேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் என்ன சொல்லி என்னை உட்கார வைத்தாய்? "இவங்க கணவர் கால் புண்ணால இறந்துட்டாரு. குடும்பம் என்ன பட்டதுன்னு இவங்ககிட்ட கேளுங்க." அவ்வளவுதான். உன் அக்கா என்று ஒரு வார்த்தை வரவில்லை. உன் எலிவால் ஜடையைத் தினமும் பின்னிவிட்டவள் நான். யாரோ ஒருத்தி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி தலையை ஆட்டி ஆட்டி, "உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா" என்றாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் என்ன புரிந்ததாம்? இன்னொருத்தன், "அவர் ஏன் சிகிச்சைக்கு ஒழுங்கா வரல?" என்று கேட்டான். நீயாவது ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன். நீ பலகையில் 'எல்லோருக்கும் சமமான மருத்துவம்' என்று எழுதிக்கொண்டிருந்தாய்.

கடைசியில் பயிற்சிக்கு என்று பிள்ளைகளுக்கு ஒரு மஞ்சள் தாள் கொடுத்தாயே, அதை யார் செய்தது? அதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. அக்கா என்று சொன்னால் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கேள்வியே கேட்கமாட்டார்கள் என்றுதான் சொல்லவில்லை. வெட்கப்பட்டு இல்லை. ஹாஸ்டலில் சேர்ந்த அன்றைக்கு என் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவர் மாமா. அதை மறப்பேனா?

மஞ்சள் தாள் நான் செய்ததுதான். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போகும் என் மாணவர்கள் இரண்டு வருஷமாக அதைத்தான் நிரப்புகிறார்கள். யார் வருகிறார்கள், யார் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே வசதி இல்லாதவர்களுக்கு ஏதாவது செய்ய முடியும்? ஏன் கேட்டாய்?

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி

மார்ச் 13

தங்கச்சிக்கு,

அந்தத் தாளை எனக்கு முன்னாலேயே தெரியும். அதனால் கேட்டேன்.

கால் புண் பார்க்கிற டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான், அதுவும் மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. உன் மாமாவால் கால் ஊன்ற முடியாது. அவரைப் படிக்கட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் ஏறினேன். அறுபத்தாறு படி. வாசலில் ஒரு பொண்ணு, கழுத்தில் உன் காலேஜ் அட்டை, கையில் மஞ்சள் தாள். அவர் பெயரைக் கூப்பிட்டாள்.

"வந்திருக்காரும்மா, கீழ இருக்காரு."

"அவரு இங்க வரணும்மா."

"லிஃப்ட் ஓடல கண்ணு, எப்படி வருவாரு?"

"அதை எழுத இதுல இடம் இல்லையேம்மா."

பொய் இல்லை. தாளையே என்னிடம் காட்டினாள். வந்தார், வரவில்லை, இரண்டே கட்டம். வரவில்லையில் டிக் போட்டாள். நான் ஆள் பிடித்து, அவரைத் தூக்க வைத்து மேலே கொண்டு போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

மூன்று செவ்வாயும் இதே கூத்து, தூக்க ஆள் கிடைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று டிக் விழுந்தால் பட்டியலில் பெயர் இருக்காதாம், புதிதாகப் பதிய வேண்டுமாம். பதிந்து முறை வருவதற்குள் முழங்கால் வரை கறுத்துவிட்டது.

அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர் இல்லையா, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தரையைத் திட்டுவார். "எவன்டி இதை ஒட்டினான்? தண்ணி வாட்டம் பார்க்கக்கூடத் தெரியல. இவனைத்தான் முதல்ல மூணாவது மாடிக்கு அனுப்பணும்." நான் சிரித்தேன்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று எழுதாதே. இரண்டாவது செவ்வாய் அந்தப் படிக்கட்டில் நின்றுதான் உனக்குப் போன் போட்டேன். "க்ளாஸ்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் நீ பேசவில்லை. அவர் போன பிறகும் என்ன நடந்தது என்று ஒரு நாள் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 21

அக்கா,

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய தாள்களைத் தேடினேன். மாமாவுடைய மூன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் மேற்பார்வை செய்தவர் கையெழுத்து. மூன்றும் என்னுடையது. வாரம் நூறு தாள் வரும். பெயரைப் படிக்காமலே போட்டிருக்கிறேன்.

தாள் நான் செய்ததானாலும் இப்போது ஆஸ்பத்திரியுடையது, மாற்ற வேண்டும் என்று அங்கே கேட்டேன். குழு கூடித்தான் மாற்ற முடியுமாம், ஆறு மாதம் ஆகுமாம். லிஃப்ட்டைக் கேட்டால் அது வேறு பிரிவு என்கிறார்கள். வகுப்புக்குள் நுழையவே கால் வரவில்லை.

வீட்டுக்கு வரட்டுமா?

தங்கச்சி

மார்ச் 26

எலிவாலுக்கு,

வீட்டுக்கு வராதே. வந்தால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். எனக்குத் தெம்பில்லை.

நேற்று செவ்வாய்க்கிழமை. போய்ப் பார்த்தேன். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அதே பெஞ்சில் ஒரு அம்மா, காலில் கட்டு. மருமகள் மேலே ஓடியிருக்கிறாள். "மேல பேரு கூப்பிடுவாங்களாம், உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டாள். மூன்று மாடிக்குக் கீழே என்ன கேட்கும்? அவளோடு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிட ஒருத்தரும் இறங்கி வரவில்லை.

உன் குழு எப்போது வேண்டுமானாலும் கூடட்டும். உன் பிள்ளைகளுக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது? மேலே ஒரு தரம் கூப்பிட்டால் கீழே இறங்கி ஒரு தரம் கூப்பிடட்டும். ஆள் இருந்தால் தூக்க ஆள் பிடிக்கட்டும், இல்லாவிட்டால் டாக்டரைக் கீழே கூட்டி வரட்டும். அதன் பிறகு டிக் போடட்டும். இதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

அடுத்த செவ்வாய் எட்டரைக்கு அந்தப் பெஞ்சில் இருப்பேன். நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு வா. அவர் ஏன் ஒழுங்காக வரவில்லை என்று ஒருத்தன் கேட்டானே, அவனை விட்டுவிடாதே. அவனுக்குப் பதில் நான் சொல்லமாட்டேன், நீ சொல்.

சொல்வதற்கு முன்னால், நான் யார் என்று அவர்களுக்குச் சொல்.

அக்கா