கடலின் மேல் எடுத்த எண்

ஜூன் 6, செவ்வாய். மமுஜு

கடலின் மேல் எண் கூடிவிட்டது. விடுப்புக்கு முன்னால் எவ்வளவு ஒழுங்காக இருந்தது! மலைக்குப் போகும் முன் தினமும் கரையை விட்டு விலகி, தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து கதிர்களை எண்ணுகிறோம். மண்ணின் கதிர் அங்கே எட்டாது. விமானத்திலுள்ள கதிர் எண்ணும் பெட்டியில் அங்கே விழுவதெல்லாம் வானத்துடையது, காற்றுடையது, விமானத்துடையது. அதைக் கழித்தால்தான் மிச்சம் மலையுடையது. கழிக்கிற எண்ணே தப்பு என்றால் மலையின் கதிர் வரைபடம் முழுக்கப் பொய்.

எங்கள் விமானி கேப்டன் வோவோர் விடுப்பு முடிந்து மக்காசாரிலிருந்து திரும்பியதிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார். "முன்னாடி வேணாம் நிங்ரும், பின்னாடி உக்காரு." மத்தியானம் மீனையும் தட்டையும் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். நான் என்ன செய்தேன்?

ஜூன் 7

கதிர்த் தூசு ஒட்டியிருக்குமோ என்று மெக்கானிக் பாசோ விமானத்தை உள்ளும் புறமும் கழுவித் துடைத்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி குளிப்பாட்டியாச்சு. இன்னும் அழுக்குன்னு சொன்னே, உன் பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட்டுருவேன்." காற்றில்லாத காலையில் மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிர் வாயு தேங்கி நிற்குமே என்று, வெயில் ஏறிக் காற்று அடிக்கும்வரை காத்திருந்து பறந்தோம். எண் இறங்கவில்லை.

ஜூன் 8

அயோடின்.

எந்தப் பாறையின் கதிரும் விழ முடியாத இடத்தில், திரையின் வரைகோட்டில் ஒரு முகடு பளிச்சென்று நிற்கிறது. அணு உலையிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து. எனக்கு உலைதான் முதலில் ஞாபகம் வந்தது. எங்கேயாவது ஒன்று வெடித்து, காற்று இந்தப் பக்கம் திரும்பி — என் மகள் லாராஸ் இந்நேரம் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பாளே! தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எங்கும் எதுவும் இல்லையாம்.

அப்புறம் இது யாருடையது?

ஜூன் 9

காலி விமானத்தில் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். முகடு இல்லை. கேப்டன் ஏறி உட்கார்ந்தார். வந்துவிட்டது.

அவர்தான்.

ஜூன் 10

கேட்டேவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் தள்ளியே நின்று பேசினார்.

"கழுத்துச் சுரப்பிக்கு ஒரு சோதனை. கதிர் அயோடின் மாத்திரை குடுத்தாங்க. துளியூண்டுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னாரு டாக்டர். எனக்குத்தான் மனசு கேக்கல. உனக்குச் சின்னப் புள்ள இருக்குல்ல."

கோபம் இல்லையா? அதற்காகவா தனி மேசை? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சோதனையில என்ன வந்துச்சு?"

"சுரப்பி கெட்டு நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம். சரியாகுற வரைக்கும் பறக்கக் கூடாதாம். இங்க இன்னும் கொஞ்ச நாள் வேலைதானே? வானத்தைக் கழிக்கிறே, விமானத்தைக் கழிக்கிறே. என்னையும் சேத்துக் கழிச்சிடேன், தங்கச்சி."

கழிக்க முடியும். அதுதான் பயமாக இருக்கிறது. தினமும் எடுக்கிற கடல் எண்ணில் அவரும் இருக்கிறார், வரைபடம் சரியாகத்தான் வரும். யாருக்கும் தெரியாது. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்யாமலே படுக்கப் போகிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

கேப்டன் சர்ச்சுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஜூன் 12

இன்றும் அவரோடு ஏறினேன்.

பின்னாலிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்குச் சரிவில் ஏற வேண்டிய இடம் வந்தது. ஏறவில்லை. மரங்கள்... இலை இலையாகத் தெரிந்தன. "கேப்டன்! ஏத்துங்க! ஏத்துங்க கேப்டன்!" யார் கத்தினது, நானா? எப்படியோ ஏறிவிட்டார். "தலை லேசா சுத்துச்சு, இப்ப ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லையா?

தீங்கே இல்லாத ஒரு மாத்திரைக்காக என் பிள்ளையை நினைத்து ஒதுங்கி உட்கார்கிற மனிதர், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவள் அம்மாவை மலைக்குள்ளே கொண்டுபோகிறாரே. நல்லவர்தான். நல்லவர் என்பதால் மலை விலகி நிற்குமா?

ஜூன் 13

ஏற மாட்டேன் என்றேன். "நீங்களே சொல்லுங்க கேப்டன். இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"நீயே சொல்லிடு. முப்பது வருஷமாப் பறக்குறேன், அதை எப்படி என் வாயால சொல்றது?"

சொன்னேன். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, எல்லாவற்றையும். சாயங்காலம் அவரைக் கூட்டிப் போகக் கார் வந்தது. பாசோ என்னிடம் முகம் கொடுக்கவில்லை; கார் போனதும், "நீ நல்லா இரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன விதத்துக்குத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 20

புது கேப்டன் வந்தாயிற்று. "முன்னாடி வாங்க மேடம், ஏன் பின்னாடி?" என்று கேட்டார். போய் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் கையைத்தான் பார்த்தேன். கடலின் மேல் எண் பழையபடி இறங்கியிருக்கிறது.

மத்தியானம் போன வாரத்துக் கணக்கையும் முடித்தேன். அந்தந்த நாளின் கடல் எண்ணை எடுத்து, கேப்டன் வோவோரையும் சேர்த்துக் கழித்தேன், அவர் கேட்ட மாதிரியே. மலை சரியாக வந்திருக்கிறது.