மௌத்து வீட்டுக்குச் சோறு

மாத்தளை. செவ்வாய், இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு பரீனாவின் மாப்பிள்ளை முந்தாநாள் திடீரென்று மௌத்தாகி, அவள் விதவையாகிவிட்டாள். மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தெருப் பெண்கள் முறை போட்டுச் சமைக்கிறோம். இன்றைக்கு என் முறை. மறதி நோயில் இருக்கும் என் மாப்பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பரீனாவைச் சுற்றி அத்தனை பேர். ஒருத்தி முதுகைத் தடவுகிறாள், ஒருத்தி தேத்தண்ணி ஊட்டாத குறை. இனி இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாளும் அவள் வாசலைத் தாண்ட வேண்டாம், எல்லாம் வீடு தேடி வரும். பொறாமையாக இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், இருந்தது. என் மாப்பிள்ளை என்னை மறந்து வருஷக்கணக்காகிறது. ஒரு கோப்பை கஞ்சி கொண்டுவந்தவர் கிடையாது. ஆள்தான் உயிரோடு இருக்கிறாரே!

பரீனா என் கையைப் பிடித்து, "ஒங்களுக்கு அவர் இருக்காரே ராத்தா, நீங்க குடுத்து வச்சவங்க" என்று அழுதாள். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் இவர் என் முக்காட்டையும் காலிச் சட்டியையும் பார்த்தார்.

"யாரு மௌத்தானது?"

கோபத்தில், "என் மாப்பிள்ளை" என்றேன்.

உடனே இரண்டு கையையும் ஏந்தி நீளமாகத் துஆ கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சபூர் செய்ங்க தங்கச்சி, பொறுமையா இருங்க. ஒத்தையா இருக்காதீங்க. என் பொஞ்சாதியை வந்து ஒங்களப் பாக்கச் சொல்றேன். அவ நல்லவ" என்றார்.