விடியாமூஞ்சிக்கு ஒரு கறுப்புத் துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் மீசையைத் தவிர. நீயும் அங்கே நன்றாக உண்டு உறங்கி இருக்க வேண்டும், அதில் உறங்கி என்ற சொல்லை இரண்டு தரம் படித்துக்கொள். மீசைக் கதையை உன் அம்மா போனில் ஒலிபரப்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன், கத்தி மீசை ஓரத்துக்கு வந்த நேரமாகப் பார்த்துத் தலை தொங்கிவிட்டது, ஒரு பக்கம் பாதி போயிற்று. சலூன்காரர் பதறிப்போய், ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லா இருக்காதுண்ணே என்று மிச்சத்தையும் எடுத்துவிட்டார். இனி நான் குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்ட வழியில்லை. உன் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாருங்க வேணும், அவர் வீட்ல இல்லையே என்றாள். நீ அனுப்பிய போட்டோவும் வந்து சேர்ந்தது. ஆபீசில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்க நீ மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். இவளுக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு என்கிறாள் அம்மா.

பட்டப்பகலில் சலூனில் என்ன தூக்கம் என்று கேட்பாய். எல்லாம் எதிர்வீட்டு மாடியால் வந்த வினை. போன மாதம் அங்கே ஒருவர் குடிவந்தார், சாமான் இறக்குவதை வேடிக்கை பார்க்கப் போன எனக்குப் பகீரென்றது. பாட்டில் கம்பெனியில் எங்களுக்கு ஷிப்ட் போட்ட சூப்பர்வைசர். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததில்லை, அவரிடம் மாட்டியவனுக்குப் பொழுது விடிந்ததில்லை, அதனால் விடியாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தது யார் என்று கேட்காதே, அடக்கம் தடுக்கிறது. அந்தப் பெயர் அவர் காதுக்குப் போன பிறகுதான் எனக்கு நிரந்தர நைட் ஷிப்ட். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகரும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று விடிய விடியப் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் இமைக்குள்ளும் பாட்டில் ஊர்வலம் போகும். தாங்க முடியாமல் ஒருநாள் அவர் முன்னால் போய் நின்று, சார் பகல்ல தூக்கமே வரமாட்டேங்குது, மாசத்துல ஒரு வாரமாவது பகல் ஷிப்ட் குடுங்க என்றேன். தலையை நிமிர்த்தாமலே, ஜன்னல்ல ஒரு கறுப்புத் துணியக் கட்டிக்கப்பா, எல்லாம் பழகிடும் என்றார். கட்டினேன். அதற்கப்புறம் நம் வீட்டில் பகல் என்பதே இல்லை. உன் அம்மா பாத்திரத்தைச் சத்தம் வராமல் துணி விரித்து வைப்பாள், நீ பூனை மாதிரி நடப்பாய். உங்க பொண்ணு ஏன் எல்லாத்தையும் ரகசியம் மாதிரியே சொல்றா என்று உன் டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். அப்படிப்பட்ட நீ இன்றைக்குத் தூர தேசத்துக் கால் சென்டரில், நைட் ஷிப்ட் வரும் வாரமெல்லாம் ராத்திரி முழுக்க முகம் தெரியாதவர்களோடு போனில் பேசிப் பிழைக்கிறாய், இதை எங்கே போய்ச் சொல்ல.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிரந்தரமாக நைட்டுக்கே வரச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், ரூமுக்குக் கனமான திரை போட்டுக்கோ பழகிடும் என்று மேனேஜர் சொன்னார் என்றாய். கண்ணு, எனக்குக் காதடைத்துப் போயிற்று. எத்தனை தேசம் தாண்டினாலும் அதே பழகிடும். நீங்களும் செஞ்சீங்களேப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே என்று நீ கேட்டாய், நான் சிரித்து மழுப்பினேன். போனை வைத்த கையோடு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய விளக்காக, வெள்ளை வெளிச்சம் பீய்ச்சுவதாகப் பார்த்து வாங்கி வாசல் சுவரில் மாட்டினேன். திருட்டு பயம் என்று அம்மாவிடம் சொன்னேன். லைட்டு எதிர் மாடியையே பாக்குதே, திருடன் என்ன பறந்தா வருவான் என்று கேட்டாள்.

பழிவாங்குவது கசக்கும் என்று சொன்னவன் வாங்கிப் பார்த்ததில்லை, வெல்லமாக இனிக்கிறது. அவர் ஜன்னலில் முதலில் போர்வை தொங்கிற்று, பிறகு செய்தித்தாள், பிறகு அட்டை. ஒவ்வொன்றுக்கும் நான் விளக்கை ஒரு விரற்கடை திருப்பிவைத்தேன். அவர் ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து என் முகத்திலேயே விழுந்து என் தூக்கத்தையும் கெடுக்கும் என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என்னைச் சிரைத்தே விட்டது.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் உன் விஷயத்தைக் கேட்டேன். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம், அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சமாம். ராத்திரியில் கண்ணில் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருந்தால் தூக்கத்துக்கு உண்டான சுரப்பு குறைந்து, மூளை பகல் என்று ஏமாந்துவிடுமாம். வருஷக்கணக்கில் ஏமாற்றினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் வர வாய்ப்பு கூடுமாம், பெண்களுக்கு மார்பில் புற்றுநோய்கூட வரலாமோ என்று சந்தேகப்படுகிறார்களாம். எல்லாருக்கும் வந்துடும்னு பயப்படாதீங்க என்றும் சொன்னார். என் சர்க்கரை அங்கிருந்து வந்ததுதானா என்று கேட்டேன். அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, அதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்றார். எனக்கு அது போதும், பங்காளி எதிர்வீட்டில்தானே இருக்கிறார்.

நேற்றுக் காலை அந்தப் பங்காளியே நம் வாசலுக்கு வந்துவிட்டார். கண் இரண்டும் கோவைப்பழம். தம்பி உங்க லைட்டு நேரா எங்க ரூமுக்குள்ள அடிக்குது, கண்ண மூடினாலும் பகலாவே இருக்கு என்றார். இதற்காகத்தானே காத்திருந்தேன். உள்ளே போய்ப் பெட்டியின் அடியில் கிடந்த அதே பழைய துணியை எடுத்து வந்து நீட்டி, ஜன்னல்ல இந்தக் கறுப்புத் துணியக் கட்டிக்கங்க சார், எல்லாம் பழகிடும் என்றேன். எத்தனை காலம் வாயில் ஊறிய வார்த்தை. அவர் துணியை விரித்துப் பார்த்து, அட நல்ல யோசனையா இருக்கே, எனக்குத் தோணவே இல்ல பாருங்க, நன்றி தம்பி என்றார். அன்றைக்குத் தான் சொன்னதும் அவருக்கு நினைவில்லை, மீசை போனதால் என்னையும் அடையாளம் தெரியவில்லை. உள்ளே உன் அம்மா சிரித்த சிரிப்பில் தட்டு கீழே விழுந்தது.

விளக்கை இன்னும் கழற்றவில்லை. வயசானவரு பாவம் என்கிறாள் அம்மா. பாவம்தான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை. நீ உன் மேனேஜரிடம் என்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொல், சொல்லிவிட்டு எனக்குப் போன் போடு, அன்றைக்கே கழற்றிவிடுகிறேன். அதுவரை விடியாமூஞ்சியின் தூக்கம் உன் கையில். இப்போதைக்கு, காலையில் வேலை விட்டு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், விடியும் நேரத்தில் காபி குடிக்காதே, படுக்கையில் போனை நோண்டாதே. மாசக் கடைசியை மறந்துவிடாதே. நோய் நொடியில்லாமல், நிறைந்த தூக்கத்தோடும் நிறைந்த சத்தத்தோடும் நீ நீடூழி வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
மீசையில்லாத உன் அப்பா

பி.கு. துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் தெருவைக் கடக்கும்வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டுச் சொல்ல ஒன்று இருந்தது, கூப்பிடவில்லை. சர்க்கரையைப் பற்றி இல்லை. சார், நீங்க கட்டச் சொன்ன துணிக்கு இந்தப் பக்கம் ஒரு குழந்தை இருந்துச்சு, அப்பா முழிச்சுக்கக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கக் கத்துக்கிச்சு, இன்னிக்கும் அப்படித்தான் சிரிக்குது.