வியாழக்கிழமை போன்

அன்பு மகளுக்கு,

உன் சித்தி நலம், வீடு நலம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகத் துடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காக அங்கே ஒரு தொண்டு நிறுவனம் கூட்டம் நடத்துகிறது, உன்னையும் அழைத்திருக்கிறார்கள், "அழுறதுக்கு ஒரு சங்கமா சித்தப்பா, போகவா வேண்டாமா" என்று கேட்டிருந்தாய். வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாதே என்று, இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அதே மாதிரி நிறுவனத்தை உளவு பார்க்கப் போனேன். போன ராஜதந்திரியின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு அறை, ஒரே சமையலறை. வைத்தியத்துக்கு வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் இலவசமாகத் தங்கலாம். ஒரு மாதத்தில் நான் துவைத்த படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தால் கடலுக்கே போர்த்திவிடலாம். என் வீரத்தைப் பார்த்து மிரண்ட பொறுப்பாளர் டீச்சரம்மா, என்னைப் போன் மேசைக்கு உயர்த்தினார். குழந்தையை இழந்து ஊர் திரும்பிய குடும்பங்களை அவர்கள் விட்டுவிடுவதில்லை. அந்தக் குழந்தையின் பிறந்தநாளன்று கூப்பிடுகிறார்கள். செல்லப்பேரைச் சொல்ல வேண்டும், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆறுதல் கூடாது. முப்பது வருஷம் பஸ்ஸில் "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்திய கண்டக்டருக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பார். "சார், உங்களுக்குப் போன் எதுக்கு, ஜன்னலைத் திறந்து பேசினாலே அவங்க ஊருக்குக் கேக்கும்" என்றார் டீச்சரம்மா.

போன வாரம் காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துத் தொலைத்தேன். அது தெரியாமல் ஒரு வெல்டரைக் கூப்பிட்டு, "குட்டிப்பையன் பிறந்தநாளாச்சே" என்றேன். அவர் மெதுவாக, "அண்ணே, அது நாளைக்கு" என்றார். மன்னிப்புக் கேட்கப் போனால், "அட, இருக்கட்டும்ணே. அவன் பேரை என் வீட்டுலயே யாரும் எடுக்கறதில்ல. நாளைக்கும் ஒருவாட்டி கூப்பிடுங்க" என்றார். அப்புறம் மகன் எப்போதும் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். மறுநாளும் கூப்பிட்டேன். அவர் மனைவியும் பேசினார், நான் வாயைத் திறக்கவேயில்லை. உன் சித்தி நம்ப மறுக்கிறாள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது மகளே. நம் குட்டி ஜட்ஜம்மா போய் மூன்று வருஷம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் உனக்குப் போன் போட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். போன வருஷம் நாற்பது நிமிஷம். நீயும் பொறுமையாக, மோட்டார் காயிலை மாத்தினீங்களா என்று கேட்டாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளி நான்தான். எனக்கும் உன் சித்திக்கும் நடந்த சண்டைகளை நான்கு வயதில் விசாரித்து, ஒரு தடவைகூட எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லாத பிள்ளையைப் பற்றிப் பேசாமல், மோட்டாரைப் பற்றிப் பேசினேன் பார்.

ஆகவே கூட்டத்துக்குப் போ. மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ. அழுவதற்கு என்று மட்டும் நினைக்காதே. அவளைப் பற்றிக் கேட்க அங்கே காது இருக்கும். பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடு, பழியை என்மேல் போடு, தாங்குவேன்.

வருகிற வியாழன் அவளுக்கு ஏழு வயது. உங்கள் ஊர் நேரம் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவேன், எடுத்ததும் அவள் பேரைத்தான் சொல்வேன். பேச முடியாவிட்டால் போனை வைத்துவிடு, கோபிக்கமாட்டேன், மறுநாள் கூப்பிடுவேன். முதலில் நான்தான் பேசுவேன் என்று உன் சித்தி இப்போதே வரிசையில் நிற்கிறாள்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். போனுக்கு மறக்காமல் சார்ஜ் போட்டு வை.

உங்கள் மூவருக்கும் சொந்தமான,
சித்தப்பா