பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை

அப்பா,

இன்று காலை நம் வீட்டுக்கு இணைய ஒயர் வந்துவிட்டது. தெருக் கம்பத்திலிருந்து இழுத்து, கூடத்துச் சுவரில் துளை போட்டு, வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டினார் கேபிள்காரர். கிளம்பும்போது மேசைமேல் கிடந்த உங்கள் டேட்டா கேபிளை எடுத்துப் பார்த்தார். "இது இனிமே எதுக்குங்க? தூக்கிப் போட்ருங்க" என்றார். இரண்டு முனையிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய கேபிள். டேப்பின் ஓரம் கத்தரியால் வெட்டியதல்ல, பல்லால் கடித்து அறுத்தது. அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் திரும்பக் கேட்காமல் போய்விட்டார்.

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களோடு பேசுவதுபோல் எழுதிப் பார்க்க இன்றுதான் தைரியம் வந்தது.

அம்மா இறந்த பிறகு இந்த வீட்டில் நாம் இருவர்தான். நான் கல்லூரி முடித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பெங்களூரிலிருந்து இந்த வேலை வந்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். நான் மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். வீட்டில் இருந்தே செய்யலாம். ஆனால் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வோம் என்றார்கள். தினமும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கண்டிப்பு. அறுந்தால் கையில் இருக்கும் பக்கம் வேறு யாருக்காவது போய்விடும். அப்படிப் போன பக்கங்கள் என் பெயருக்கு எதிரே சிவப்பாக நிற்கும்.

என்னிடம் இருந்தது பட்டன் போன். இணையம் உள்ள போன் உங்களுடையது மட்டும்தான். எரிந்த மோட்டரையும் கருகிய ஸ்டார்ட்டரையும் விவசாயிகள் படம் எடுத்து அனுப்புவார்கள் என்று யாரிடமிருந்தோ பழையதாக வாங்கியிருந்தீர்கள். மாடிப்படியின் உச்சியில் உள்ள சின்ன ஜன்னலில் வைத்தால்தான் அதற்கு டவர் கிடைக்கும். எனவே படியின் திருப்பத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு மடிக்கணினியை வைத்தேன். முதலில் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைத்தோம். அரை மணி நேரத்தில் போன் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, "லோடு தாங்கல. இப்பிடியே ஓட்டுனா காயில் போயிரும்" என்றீர்கள். போனுக்குள் காயில் எதுவும் இல்லை என்று நான் சிரித்தேன். மறுநாள் கேபிள் வாங்கி வந்தீர்கள். அது மடங்கி மடங்கி இற்றுப்போனபோது டேப் சுற்றிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

சூடு அடங்கியது. வேறொரு தொல்லை மிச்சம் இருந்தது. அந்தப் பழைய போனில் அழைப்பு வந்தால் இணையம் நின்றுவிடும். நீங்கள் மோட்டர் மெக்கானிக். உங்களுக்கு அழைப்பு வராமல் எப்படி?

முதல் வாரத்தில் மூன்று பக்கங்கள் சிவப்பாயின. நான்காவது பக்கம் போன அன்று நடந்தது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது.

"யாருப்பா அது, இந்நேரத்துக்கு?"

"ஏரியூர்க்காரரு கண்ணு. மோட்டரு எரிஞ்சிபோச்சாம்."

"எரிஞ்சது எரிஞ்சிபோச்சு. ஒரு மணிக்கு மேல கூப்புடச் சொன்னா என்னா? கூடவே என் வேலையும் எரியணுமா?"

"அதுவரைக்கும் மாடு தண்ணி குடிக்காம நிக்குமா?"

"அப்ப நான் ஜெராக்ஸ் கடைக்கே போறன். அங்க யார் மாடும் நிக்காது."

கையில் இருந்த டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு கீழே இறங்கிப் போனீர்கள். படிக்கத் தெரிந்தவள், நாலு புத்தகம் பார்த்தவள், நாக்கை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு மேல் போன் அடிக்கவே இல்லை. எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஊர் நம் பேச்சைக் கேட்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மூன்று மாதத்தைப்போல் நாம் சேர்ந்து இருந்ததே இல்லை. அதற்கு முன்னால் விடிந்ததும் நீங்கள் ஏதாவதொரு கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். இப்போது படிக்குக் கீழே சாக்கை விரித்து, மோட்டருக்குச் செம்புக் கம்பி வைண்டிங் சுற்றிக்கொண்டு இருந்தீர்கள். வார்னிஷ் வாடை படியேறி என்னிடம் வரும். சில சமயம் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வீர்கள். நீர்ப்பாசனத்தைப் பற்றிய ஒரு பழைய கையேட்டைப் படித்தபோது பாதியில் நிறுத்தினீர்கள். "எழுதுன ஆளு ஒரு கெணத்தையாச்சும் எட்டிப் பாத்திருப்பானா?" என்றீர்கள். "அதையும் பிழைன்னு போடட்டுமா?" என்று கேட்டேன். "போடு, போடு. பெரிய பிழைன்னு போடு."

சின்னராசு சித்தப்பா அப்போது அடிக்கடி வருவார். பஸ் நிறுத்தத்தில் மோட்டர் கடை வைத்திருப்பவர். தொழிலில் உங்களுக்குப் போட்டி, சாயங்காலம் உங்களோடு டீ குடிப்பவர். ஒருநாள் படியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, உங்க தொழில நான் பாத்துக்கறன். நீங்க பாப்பாவுக்கு டவர் வேல பாருங்க." மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மூன்று மாதம் முடிந்ததும் பெங்களூருக்கு நேரில் வரச் சொன்னார்கள். விடியற்காலையில் தருமபுரி ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்றிவிட்டீர்கள். "சொன்ன ஒடனே கூப்புடு" என்றீர்கள். "கெடைக்கலன்னாலும் கூப்புடறன்" என்றேன். "அதெல்லாம் கெடைக்கும், ஏறு" என்று பையை உள்ளே தள்ளினீர்கள்.

நண்பகலில் உறுதிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று உங்கள் எண்ணை அழுத்தினேன். எடுத்தது சின்னராசு சித்தப்பா.

"அப்பா எங்க, சித்தப்பா?"

"அண்ணனா... இங்கதான், கெணத்துகிட்ட நிக்கறாரு. மோட்டரு தூக்கறோம் பாப்பா. என்னா சேதி, சொல்லு."

"வேல உறுதி ஆயிருச்சுன்னு சொல்லுங்க."

"அப்பிடியா! சொல்லிடறன், ஒடனே சொல்லிடறன்."

ரயில் ஏறும் முன் இன்னொரு முறை கூப்பிட்டேன். மறுபடியும் அவர்தான். "சேதிய நான் சொல்லிக்கறன், நீ வா பாப்பா" என்றார். இருவரும் ஒரே வேலையில் இருக்கிறீர்கள், உங்கள் கையில் கிரீஸ், போன் அவரிடம் இருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பாலக்கோடு தாண்டும்போது பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார்.

நீங்கள் படியின் மேல்தட்டில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடி இருந்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். நெஞ்சுவலி வந்தவர் ஏன் கீழே இறங்கவில்லை, ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு வேறு கேள்வி. கிணற்றடியில் மோட்டர் தூக்கிக்கொண்டு இருந்தவர் வீட்டுப் படிக்கு எப்போது வந்தார்?

அதைக் கேட்க நேரமில்லை. வந்தவர்கள் நடுவில் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னன் பாப்பா. ரொம்ப சந்தோசப்பட்டாரு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளைக் கடந்தேன்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு உங்கள் போன் ஞாபகம் வந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டால் கண்டுபிடிக்கலாம் என்று என் பட்டன் போனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிட்டேன். வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன்தான் சொல்லக் கூடாதுன்னாரு, பாப்பா. பத்து மணி ஆனா அவருக்கு வர்ற போனையெல்லாம் என் போனுக்குத் திருப்பி வுட்ருவாரு. ஒரு மணிக்கு மறுபடி எடுத்துருவாரு. எத்தினியோ வேல அப்பிடி எனக்கு வந்துது. பாப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அதான் அன்னிக்கும் கூடவே இருக்காருன்னு பொய் சொல்லிட்டன்."

"நீங்க அப்பாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"ஒடனே கூப்புட்டன். பிஸின்னு வந்துச்சு. நாலு தடவ, அஞ்சு தடவ. அவரு நம்பருக்குக் கூப்புட்டா எனக்கேதான திரும்பி வரும், அவருக்கு எப்பிடிப் போவும்? அப்பப் புரியல பாப்பா. நான் ஏரியூர்ல கெணத்துல இருந்தன். சாயங்காலம் வூட்டுக்கு வந்து மொகத்தப் பாத்துச் சொல்லலாம்னு வுட்டுட்டன்."

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலில் நீங்கள் எழுதிவைத்த இரண்டு வரிகளைத் தினமும் பார்த்திருக்கிறேன். நட்சத்திரக் குறியும் எண்களுமாக இருக்கும். வைண்டிங் கணக்கு என்று நினைத்திருந்தேன். முதல் வரி அழைப்புகளைத் திருப்பிவிடும் எண், இரண்டாவது அதை நீக்கும் எண். போன் அந்த ஜன்னலில்தான், கம்பிக்குப் பின்னால் சரிந்து, சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

அன்று நான் வீட்டில் இல்லை. இருந்தும் பத்து மணிக்கு உங்கள் விரல் வழக்கம்போல் அந்த எண்ணை அழுத்தியிருக்கிறது. ஒரு மணிக்கு அதை நீக்க உங்களுக்கு நினைவூட்டியது கடிகாரம் அல்ல. நான் மடிக்கணினியை மூடும் சத்தம். அன்று அந்தச் சத்தம் இல்லை. ஆகவே என் அழைப்புக்காக நீங்கள் போனுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்; நான் கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன். அவள் ஏன் கூப்பிடவில்லை என்று என்ன நினைத்தீர்கள்? கிடைக்கவில்லை, அழுகிறாள் என்று நினைத்தீர்களா? நீங்களாகக் கூப்பிட்டுக் கேட்க மனம் வராமல் இருந்தீர்களா? இதற்கு மேல் என்னால் யோசிக்க முடிவதில்லை. யோசிக்காமலும் இருக்க முடிவதில்லை.

சுவரிலிருந்த இரண்டாவது வரியை அழுத்தி அழைப்புகளை உங்கள் எண்ணுக்கே திருப்பினேன். உங்கள் சிம் இப்போது நான் வாங்கிய புதுப் போனில் இருக்கிறது. இந்தப் போனில் அழைப்பு வந்தாலும் இணையம் அறுபடுவதில்லை, அவ்வளவு எளிதாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் வத்தல்மலையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மோட்டர்காரர் இருக்கிறாரா என்றார். நான் மகள் என்றேன், நீங்கள் காலமாகிவிட்டதைச் சொன்னேன்.

"ஐயோ... நீதான் கம்பியூட்டர்ல பெங்களூரு வேல பாக்குற பொண்ணா, கண்ணு?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நம்ம கெணத்துக்கு வந்தப்ப வேற என்னா பேசுனாரு அந்த மனுசன்? எம்பொண்ணுக்கு வேல கெடைச்சிருச்சு, எம்பொண்ணுக்கு வேல கெடைச்சிருச்சுன்னு."

எப்போது வந்தார் என்று கேட்டேன். வேலை தொடங்கிய முதல் வாரம். எனக்குப் பக்கங்கள் சிவப்பாகிக்கொண்டிருந்த வாரம். நீங்கள் அப்போதே எனக்கு உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டீர்கள். அப்படியானால் அன்று நான் சொல்லவந்தது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பகலில் அது போதுமானதாக இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு, ஒருவருக்கு மட்டும் அரிசி களையும்போது, போதுவதில்லை.

அந்த நாளிலிருந்து எனக்குத் தங்கியது ஒரு பிடிவாதம்தான். யாரிடமும் எந்த நல்ல செய்தியையும் சொல்லி அனுப்புவதில்லை. போனிலும் சொல்வதில்லை. எழுந்து போய், எதிரில் நின்று சொல்கிறேன். அப்படிப் போய்ச் சொல்ல ஆட்கள்தான் குறைவு.

சென்ற மாதம் என்னை ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக்கினார்கள். கடிதம் வந்ததும் கணினியை அப்படியே விட்டுவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். கடையில் சித்தப்பா ஒரு மோட்டரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவிட்சை அணைத்தார். மோட்டர் முனகி நின்றது. சொன்னேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சத்தத்துல கேக்கல" என்றார். "இன்னொரு தடவ சொல்லு பாப்பா."

கடையில் எந்தச் சத்தமும் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன்.