கூப்பிடு தூரத்தில் ஓர் அறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டுவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள்.

வழக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மனுவை வாபஸ் வாங்கிவிடுங்கள், குட்டி அவள் அப்பாவிடமே இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாதான், இது அவள் மனதார எழுதியது இல்லை, பயத்தில் எழுதியது என்றாள்.

நீ பயப்படுவது தப்பில்லை. அன்றைக்கு அவனும் அவன் அண்ணன் தம்பிகளும் கோர்ட் வராந்தாவில் நின்ற நிற்பை நானும்தான் பார்த்தேன். (அவனை மாப்பிள்ளை என்று எழுத இனி எனக்குக் கை வராது.) பழைய கட்டடத்தில் இருப்பது ஒரே வராந்தா. அவர்களை உரசிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நீ கீழே சைக்கிள் ஸ்டாண்டோடு நின்றுவிட்டாய். கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது என் வேலை. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதிவிடுவார்கள். யார் யார் பெயரையோ கூப்பிட்ட வாயால் அன்றைக்கு உன் பெயரைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை மூச்சு முட்டும் வரை இழுத்தேன். நீ வரவில்லை. குட்டியை அவனோடு அனுப்பச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு நாம் போட்ட மனுதான் அடுத்த மாதம் வருகிறது. பழைய கட்டடத்தில் இல்லை, புது மாவட்டக் கோர்ட்டில். அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. தரையில் அப்படி ஒரு வழுவழுப்பு. ஒரு சீனியர் வக்கீல் வாசலிலேயே சறுக்கி, பிடிமானத்துக்கு எதிர்க்கட்சி வக்கீலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாட்சிக் கூண்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது.

அஸ்திவாரம் போட்டபோதே வரைபடத்தைப் பார்த்தேன். மறுபடியும் எல்லோருக்கும் ஒரே வராந்தா! உனக்காக வாதாடுகிற வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காத்திருக்கத் தனி அறை வேண்டும் என்று அவர் பெண் வக்கீல்கள் எல்லோரையும் திரட்டி மனுக் கொடுத்தார். பெயர் கூப்பிடுகிறவருக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று காண்ட்ராக்டர் என்னைக் கேட்டார். நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தேன். என் தலையைக் கண்டாலே இன்ஜினியர் சாரத்தில் ஏறிக்கொள்வார். கடைசியில் அறை கிடைத்தது.

எங்கே வேண்டும் என்று கேட்டார்கள். கோர்ட் ஹாலுக்கு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, வராந்தா திரும்பி முடிகிற கோடியில் வேண்டும், கெட்டிக் கதவு போடுங்கள் என்றேன். அவன் நிழல்கூட அந்தப் பக்கம் படக்கூடாது என்ற நினைப்பு எனக்கு. அப்படியே கட்டிக் கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அம்மாவை அழைத்துப் போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவளை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஹால் வாசலுக்கு வந்து விளையாட்டாக அவள் பெயரைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் தொண்டை கிழியக் கத்தினேன். ஆள் வரவே இல்லை. போய்க் கேட்டால், கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் உங்கள் சத்தம் இல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன் என்கிறாள்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பிடும் வேலையையே பார்க்கிற நான் இதை யோசிக்கவில்லையே! அந்த அறையில் உட்கார்கிற ஒவ்வொரு பெண்ணும் கூப்பிட்டது கேட்காமலே வழக்கில் தோற்றுப்போவாள்.

ஸ்பீக்கர் வைக்கலாம் என்றார் இன்ஜினியர். பழைய கோர்ட்டில் வைத்த ஸ்பீக்கரில் குளவி கூடு கட்டிக் குடும்பம் நடத்துகிறது. அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். ஹாலை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. வழக்குக் கட்டுகள் வைக்க ஒதுக்கியது. கட்டுகளைத் தூக்கிவரத் தனியாகப் பின்பக்கப் படிக்கட்டும் உண்டு. நடுச்சுவரில் ஹாலுக்கு ஒரு கதவு வைத்து அதைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டுக் கோடி அறையில் கட்டுகளை வையுங்கள் என்று கேட்டேன். தலைமை எழுத்தர் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றார். கட்டிய சுவரை இடிக்கச் சொல்கிறாயா என்று காண்ட்ராக்டர் குதித்தார்.

அப்புறம் பெரிய ஜட்ஜ் பார்வையிட வந்தார். அவர் முன்னால் பெயர்களைத் தவிர நான் வேறு எதுவும் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். ஐயா, தப்பு என்னுடையதுதான், இந்தக் கோடி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அவரும் வக்கீல் அம்மாவும் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து கூப்பிட்டேன். வேறு பெயர் வாயில் வரவில்லை. உன் பெயர்தான் வந்தது. கொத்தனார்கள் எல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை எனக்குக் குரல் உடைந்துபோயிற்று.

போய்க் கதவைத் திறந்தேன். இருவரும் ஜன்னல் கம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று தடவை கூப்பிட்டாயிற்று ஐயா, நீங்கள் வரவில்லை, வழக்கு முடிந்துவிட்டது என்றேன். ஜட்ஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வழக்குக் கட்டுகளுக்குக் காது கேட்டாக வேண்டுமா என்று தலைமை எழுத்தரைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான். மறுநாளே நடுச்சுவரை உடைத்துக் கதவு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகவே கேள், கண்ணு. பின்பக்கப் படியேறினால் அறை. அறைக் கதவைத் திறந்தால் ஹால். வராந்தாவில் யார் வேண்டுமானாலும் நின்று மீசையை முறுக்கட்டும், நீ அவர்கள் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். ஹாலுக்குள் அவன் இருப்பான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஜட்ஜும் இருப்பார், உன் வக்கீல் அம்மாவும் இருப்பார்.

வாபஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே. போட்டு அனுப்பினாலும் அதை வக்கீல் அம்மாவிடம் கொடுக்க எனக்குக் கால் நகராது. குட்டியைப் பள்ளிக்கூட வாசலில் தூரத்திலிருந்து பார்த்தேன். வளர்ந்துவிட்டாள். ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது. கட்டிவிட யாரும் இல்லை.

விசாரணை நாளுக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு உன் பெயரை வேறு ஆள் கூப்பிடட்டும். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியேறி வருகிறேன். தைரியமாகப் புறப்பட்டு வா, அம்மா.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா